கவிஞர் பெருக்கம் கவிதைக்கு நல்லதா?

படிக்காசுப் புலவர் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. தப்பும் தவறுமாகப் பாடுகிறவனைத் தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லி இல்லை, தலையையே வெட்ட ஒட்டக்கூத்தர் இல்லை, அதனால்தான் அரைகுறைகள் எல்லாம் புலவர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பது அதன் சாரம். கவிஞர்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டார்கள் என்ற குறை முகநூலோடு வந்ததல்ல. தமிழில் அதற்குச் சில நூற்றாண்டு வயதாவது இருக்கிறது.

ஆனாலும் இன்றைய பெருக்கத்தின் அளவு வேறு. சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சிறு பதிப்பகங்களின் பட்டியலைப் பார்த்தால் கவிதைத் தொகுப்புகளே வரிசை கட்டி நிற்கின்றன. இதழாசிரியர்களின் மின்னஞ்சலில் கதையைவிட, கட்டுரையைவிடக் கவிதைதான் அதிகம் வருகிறது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. எழுதட்டும், காலம் சலித்து எடுத்துக்கொள்ளும் என்பார்கள் ஒரு சாரார். கண்டவரும் எழுதித் தரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் கவிஞர்கள் பெருகிய காலங்கள் இதற்கு முன்பும் இருந்திருக்கின்றன. அப்போது கவிதைக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துவிட்டு இன்றைக்கு வருவதுதான் முறை.

முதல் பெருக்கம் சங்க காலத்தினுடையது. பாட்டும் தொகையுமாக நமக்குக் கிடைத்திருப்பவை 2381 பாடல்கள். பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். குறுந்தொகையில் மட்டும் கடவுள் வாழ்த்தையும் சேர்த்து 401 பாடல்களுக்கு 205 புலவர்கள். கபிலரைப் போல 235 பாடல்கள் பாடியவர் அபூர்வம். இந்த 473 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பெயரில் இருப்பது ஒரே ஒரு பாடல். ஒற்றைப் பாடல்காரர்கள் என்று இவர்களைத் தனியே ஒதுக்கிவிட்டால் சங்கக் கவிதையின் பெரும்பகுதி அழகு போய்விடும். அப்படி ஒரே பாடலோடு நிற்பவர்தான் செம்புலப்பெயனீரார். தமிழ்க் காதல் கவிதைகளில் இன்று உலகம் முழுக்க அதிகம் மொழிபெயர்க்கப்பட்டிருப்பது அநேகமாக அவர் பாட்டுதான்.

அவர் பெயரே அவருடைய இயற்பெயரன்று. இயற்பெயர் தொலைந்துபோனது. தொகுத்தவர்கள் பாட்டில் இருந்த ஓர் உவமையை எடுத்து அதையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். கல்பொரு சிறுநுரையார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார் எல்லோரும் அப்படிப் பெயர் பெற்றவர்களே. எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால் பரவாயில்லை, பாட்டு நிற்க வேண்டும் என்று தீர்மானித்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்கிறது பழங்குறிப்பு. அகநானூற்றைத் தொகுத்தவர் உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். ஐங்குறுநூற்றுக்குக் கூடலூர் கிழார். நான்கு முதல் எட்டு அடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, அதற்கு மேல் அகநானூறு என்று அடியளவு வகுத்து, நானூறு என்ற எண்ணுக்குள் அடக்கினார்கள். நானூறு என்று முடிவு செய்த அன்றே எத்தனையோ பாடல்கள் வாசலுக்கு வெளியே நின்றிருக்கும். அந்த முடிவை எடுத்தது காலமன்று. பெயர் சொல்லக்கூடிய மனிதர்கள் எடுத்தார்கள்.

காலம் சலித்துக்கொள்ளும் என்பவர்களோடு நான் மாறுபடுவது இந்த இடத்தில்தான். காலத்துக்கு ருசி கிடையாது. அது ஏட்டைக் கரையானுக்குக் கொடுக்கும், ஆற்றில் விடும், நெருப்பில் போடும். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, சிதைந்த சுவடிகளை ஆகம விதிப்படி ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கோயிலில் சொன்னார்கள். அந்த நெருப்பு நல்ல பாட்டு, கெட்ட பாட்டு என்று பார்த்திருக்காது.

சாமிநாதையரைச் சொன்னதால் இரண்டாவது பெருக்கத்துக்கு வருகிறேன். கவிஞர் பெருக்கம் கவிதைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதற்குத் தமிழ் வரலாற்றில் இருக்கும் வலுவான சாட்சியம் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழில் செய்யுளுக்குப் பஞ்சமே இல்லை. மடங்களும் ஜமீன்களும் புலவர்களை வைத்துக் காத்தன. ஊருக்கொரு தலபுராணம், சாமிக்கொரு பிள்ளைத்தமிழ், பிரபுவுக்கொரு கோவை. அந்தாதி, கலம்பகம், உலா, தூது என்று பிரபந்தங்கள் குவிந்துகொண்டே இருந்தன. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பேராற்றல் கொண்டவர்களும் அந்தக் குவியலுக்குள்ளேதான் இயங்கினார்கள். அவரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட சாமிநாதையர் 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் கோவைகளையும் அடுக்கினார். முதலியாரின் முகத்தில் மலர்ச்சியே இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். காலேஜ் பண்டிதராகிவிட்டிருந்த சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை.

இந்தச் சந்திப்பை நாம் வழக்கமாகப் பதிப்பு வரலாற்றின் தொடக்கமாகச் சொல்வோம். சமகாலக் கவிதையின் பெருக்கத்தைப் பற்றியும் அது கடுமையான ஒன்றைச் சொல்கிறது. அந்தக் காலத்துப் புலவர்கள் ஒருவரையொருவர் படித்தார்கள், பாராட்டினார்கள், சாற்றுகவி கொடுத்துக்கொண்டார்கள். படிப்பதற்கான நேரம் முழுவதையும் சமகாலமும் சற்று முந்திய காலமும் எடுத்துக்கொண்டன. மொழியின் ஆகப் பெரிய கவிதைகள் கரையானுக்குப் பக்கத்தில் கிடந்தன. பெருக்கத்தால் வரும் உண்மையான ஆபத்து இதுவே என்று நினைக்கிறேன். மோசமான கவிதை நல்ல கவிதையை நேரடியாகக் கொல்வதில்லை. அது வாசகரின் பொழுதைத் தின்கிறது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது காட்சி மாறுகிறது. புரவலர் போய் அச்சு வருகிறது. பாரதி 1920-இல் தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை, அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார். ஒரு மகாகவிக்கு முதல் பதிப்பு போடப் பணம் கிடைக்காத மொழி இது என்பதை மறந்துவிட்டு இன்று யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம் என்றாகிவிட்டதே என்று வருந்துவது நியாயமாகாது.

புதுக்கவிதை சிறு கூட்டமாகத்தான் தொடங்கியது. மணிக்கொடியில் 1934-இல் ந. பிச்சமூர்த்தி எழுதியதிலிருந்து கணக்கிட்டால், கால் நூற்றாண்டு கழித்து 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ வந்த பிறகே அது ஓர் இயக்கம் ஆனது. 1970 வரை 119 இதழ்கள். அதில் வந்தவற்றிலிருந்து செல்லப்பா 1962-இல் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்களின் 63 கவிதைகள் கொண்டது. யாப்பு தெரியாதவர்களின் உளறல் என்று அன்று பண்டிதர்கள் சொன்னார்கள். இன்று அந்த 24 பேரில் பிச்சமூர்த்தி, பிரமிள், சி. மணி, சுந்தர ராமசாமி போன்ற சிலரைத்தான் பரவலாகப் படிக்கிறோம். அந்தச் சிலரைக் கண்டெடுக்க மற்றவர்களையும் சேர்த்து அச்சிட வேண்டியிருந்தது. யார் நிற்பார்கள் என்பது 1962-இல் செல்லப்பாவுக்குத் திட்டமாகத் தெரிந்திருக்க முடியாது. கைப்பணத்தைப் போட்டு, புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிப் படியேறினார்.

பெருக்கம் என்ற சொல்லுக்கு உரிய அளவில் புதுக்கவிதை பரவியது வானம்பாடிக்குப் பிறகு. கோவையில் 1971-இல் தொடங்கிய ‘வானம்பாடி’ விலையிலாக் கவிமடலாக வந்தது. புவியரசு, சிற்பி, ஞானி, அக்னிபுத்திரன் என்று ஒரு பெரிய அணி. மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ 1974-இல் வந்து பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. கல்லூரி விடுதிகளில் அதைப் பார்த்துக் கையெழுத்துப் படி எடுத்தார்கள். யாப்பிலக்கணம் கல்லாத, தமிழ் எம்.ஏ. படிக்காத பையன்களும் பெண்களும் தங்களாலும் எழுத முடியும் என்று நம்பியது அப்போதுதான். சிறுபத்திரிகைக்காரர்கள் இதைக் கடுமையாகத் தாக்கினார்கள். மேடை முழக்கம், கோஷம், உவமைக் குவியல் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் பெருமளவு உண்மை இருந்தது. அந்த வழியில் வந்த போலிகளைப் பழைய கல்லூரி ஆண்டு மலர்களைப் புரட்டினால் இப்போதும் பார்க்கலாம். சூரியன், விலங்கு, வியர்வை, நிலா, ரொட்டி என்று பத்துப் பதினைந்து சொற்களைக் கலைத்துக் கலைத்துப் போட்டு எழுதியவை. கவியரங்க மேடையில் கைதட்டலுக்காக இடைவெளி விட்டு நிறுத்தும் வரிகள்.

ஆனால் இந்தப் பெருக்கத்தின் கணக்கை அந்தப் போலிகளோடு முடித்துவிடுவது தவறு. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கவிதை என்றால் பாடப் புத்தகத்துக்கு வெளியேயும் இருக்கிறது, அதை நம்மைப் போன்றவர்கள் எழுதுகிறார்கள் என்று முதன்முதலில் சொன்னது வானம்பாடிதான். தொடங்கும்போது மேத்தாவைப் படித்து, பிறகு ஞானக்கூத்தனுக்கும் ஆத்மாநாமுக்கும் தேவதேவனுக்கும் வந்து சேர்ந்த வாசகர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெருக்கம் இல்லாமல் சிறுபத்திரிகைக் கவிதைக்கு இத்தனை வாசகர் வந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

எண்பதுகளின் ஹைக்கூ அலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984-இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’, மறுவருடம் ஈரோடு தமிழன்பனின் ‘சூரியப் பிறைகள்’ என்று தொடங்கி, மூன்று வரியில் எழுதிவிடலாம் என்ற எண்ணத்தால் நூற்றுக்கணக்கான நூல்கள் வந்தன. சில நல்ல கண்கள் அதில் தெரிந்தன. பெரும்பாலானவை வரதட்சணை பற்றிய விடுகதைகளாக நின்றுவிட்டன.

எண்ணிக்கை நேரடியாகவே நன்மையாகும் இடம் ஒன்று இருக்கிறது. அதுவரை பேசாதிருந்தவர்கள், பேச விடப்படாதிருந்தவர்கள் எழுத வரும்போது ஒருவர் இருவர் போதாது. ஒருவர் வந்தால் விதிவிலக்கு என்று சொல்லிப் பக்கத்தில் வைத்துவிடலாம். பத்துப் பேர் வந்தால் அப்படி ஒதுக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் 1986-இல் சித்ரலேகா மௌனகுரு தொகுத்த ‘சொல்லாத சேதிகள்’ மெலிந்த நூல்தான், பத்துப் பெண்களின் 24 கவிதைகள். ஈழத்துப் பெண்கள் கவிதை என்று ஒன்று இருப்பதை அது மறுக்க முடியாததாக்கியது. அதற்கு முந்தின ஆண்டு வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ 31 கவிஞர்களின் 82 கவிதைகளைக் கொண்டது. போருக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் மனத்தை எந்தத் தனிக்கவிஞரின் தொகுப்பும் அந்த அளவுக்குப் பிடித்துவைத்திருக்க முடியாது. அவர்களில் எல்லோரும் பெருங்கவிஞர்களா என்றால் இல்லை. அந்தக் கேள்வியே அங்கே பொருந்தவில்லை. ‘சொல்லாத சேதிகள்’ நூலில் இடம்பெற்ற சிவரமணி 1991-இல் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு முன் தம் கவிதைகளை எரித்தார். நண்பர்களிடமும் இதழ்களிலும் எஞ்சியிருந்தவற்றைத் தேடித் தொகுத்ததும் சித்ரலேகாதான்.

தமிழ்நாட்டில் 2000-த்தை ஒட்டிய சில ஆண்டுகளில் சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகியோரின் தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003-இல் அவர்களுக்கு எதிராக மேடைகளிலும் இதழ்களிலும் வசை கிளம்பியபோது ஒருவரை மற்றவர் தாங்கி நிற்க முடிந்தது எண்ணிக்கையால்தான். தலித் கவிதையும் அப்படியே. என்.டி. ராஜ்குமாரின் மாந்திரீகச் சொற்கட்டும் சுகிர்தராணியின் நேர்ப்பேச்சும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறு என்பது, பல குரல்கள் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும்போதுதான் காதில் விழுகிறது. கண்டவரும் எழுதுகிறார்கள் என்ற புகாரை நான் ஏற்காததற்கு முதன்மையான காரணம் இதுவே. கண்டவர் என்று யாரைச் சொல்கிறோம் என்பது தமிழில் எப்போதும் சாதியையும் பாலையும் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

இனி இன்றைக்கு வருவோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடக்கும் கவிதை நூல் வெளியீட்டு விழாவை எடுத்துக்கொள்கிறேன், இதுபோல நிறையக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை. முதல் பிரதியை ஊரின் மருத்துவரோ பள்ளித் தாளாளரோ பெற்றுக்கொள்வார். வாழ்த்துரை ஐந்தாறு பேர். நூல் ஆய்வுரை என்று அழைப்பிதழில் போட்டிருப்பதும் வாழ்த்துரையாகவே முடியும். கவிஞருக்குப் பொன்னாடை, கண்கலங்க ஏற்புரை. எதிரே நாற்காலிகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கவிஞர்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருவர் மேடையில் இருப்பார், இன்றைய கவிஞர் வாழ்த்துரைக்கு வருவார். இதைக் கேலி செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கூட்டுறவு வங்கி எழுத்தர், அங்கன்வாடிப் பணியாளர், லேத் பட்டறைத் தொழிலாளி என்று வருகிறவர்கள் வருடக்கணக்கில் நோட்டில் எழுதி, நகையை அடகு வைத்துப் புத்தகம் போடுகிறார்கள். சொல்லின் மேல் இவ்வளவு ஆசை உள்ள சமூகத்தை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் வருத்தமாக இருக்கிறது. அணிந்துரை, வாழ்த்துரை, நுழைவாயில், என்னுரை, நன்றி என்று இருபது பக்கம் போகும். பிறகு பக்கத்துக்கு ஒரு கவிதை, எண்பது கவிதைகள். அதில் மூன்றோ நான்கோ உண்மையிலேயே கவிதையாக இருக்கும். அந்த நாலையும் பார்த்தால் பல சமயம் கவிதை கடைசிக்கு முந்திய பத்தியிலேயே முடிந்திருக்கும். அதன் பிறகு இரண்டு மூன்று வரியில் கவிஞர் அதற்குப் பொருள் சொல்லியிருப்பார். அந்த வரிகளை அடிக்க ஒரு பென்சில் போதும். எழுதத் தொடங்கியதிலிருந்து புத்தகம் கைக்கு வரும் வரை அந்தப் பென்சிலோடு அவரிடம் ஒருவர்கூட வரவில்லை.

முன்பு வந்தார்கள். இடமில்லாமையே ஒரு வடிகட்டியாக இருந்தது. கசடதபற, பிரக்ஞை, ழ, மீட்சி போன்ற இதழ்களில் பக்கம் குறைவு, காகிதத்துக்குக் காசும் குறைவு. ஆகவே ஆசிரியர் திருப்பியனுப்பினார், சில சமயம் ஏன் என்று தபால் கார்டில் எழுதினார். கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய ‘பதிவுகள்’ கவிதைப் பட்டறையில் கவிஞர்கள் ஒருவர் கவிதையை மற்றவர் முன்னால் வைத்துச் சண்டை போட்டார்கள். ஆத்மாநாம் உயிரோடிருந்தபோது வந்தது ‘காகிதத்தில் ஒரு கோடு’ என்ற ஒரே தொகுப்பு, 1981-இல். அவர் மறைந்து ஐந்து ஆண்டு கழித்து பிரம்மராஜன் தேடித் தொகுத்திராவிட்டால் இன்றைய தலைமுறைக்கு அந்தக் கவிஞர் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகமே.

இப்போது அந்தத் தடை இல்லை. ஆயிரம் பிரதி அடித்து வீட்டுப் பரணில் அடுக்க வேண்டிய காலம் போய், டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு பிரதி மட்டும் போட்டுக்கொள்ளலாம். முகநூலில் எழுதிய நிமிடமே விருப்பக்குறிகள் விழுகின்றன. இது பெரிய விடுதலை, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எழுதுவது எளிதானபோது தேர்வதும் திருத்துவதும் சேர்ந்து வளர்ந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. மதிப்புரை சுருங்கி அட்டைப்படத்தோடு நான்கு வரி ஆகிவிட்டது. கவிஞர்கள் ஒருவருக்கொருவர் விமர்சகராக இருப்பதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் அணிந்துரையாளர் ஆகிவிட்டார்கள். நானறிந்த நல்ல கவிஞர்கள் சிலரே, புதியவர்களைப் படிக்கிறீர்களா என்று கேட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று கையை விரிக்கிறார்கள். பதின்மூன்று வருடம் முன்பு வந்த நல்ல முதல் தொகுப்பு ஒன்றை இன்று வாங்க நினைத்தால் பதிப்பகத்திலேயே பிரதி இருக்காது.

ஆகவே என் பதில், கவிஞர் பெருக்கம் கவிதைக்கு நல்லதே. சிறந்த கவிதை எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதவரை, எல்லாத் திசையும் திறந்திருப்பதுதான் கவிதைக்குப் பாதுகாப்பு. அந்த நன்மை தானாக வந்து சேராது. பூரிக்கோவும் செல்லப்பாவும் சித்ரலேகாவும் செய்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். அந்த வேலையில் புகழ் குறைவு, பகை அதிகம். தொகுப்பில் விடுபட்டவர்கள் ஆயுள் முழுக்கப் பேச மாட்டார்கள். கவிதை எழுத ஆயிரம் பேர் முன்வருகிற ஊரில் தொகுக்கப் பத்துப் பேர்கூடத் தேறாததற்கு இதுவே காரணம்.

இது செய்ய முடியாத காரியமன்று. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களில் பலர் அதை அனுப்புவதில்லை, அதை முதலில் வழக்கமாக்க வேண்டும். சிறுபத்திரிகைகள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் நிறுவனம் 2005-லிருந்து இணையத்தில் ஏற்றிவருவதால் அந்தப் பக்கத்துக் கவிதையைத் தேடுவது நம் பக்கத்துக் கவிதையைத் தேடுவதைவிட இன்று எளிது. வெவ்வேறு ருசியுள்ள மூன்று பேர், அவர்களில் ஒருவராவது கவிதை எழுதாத வாசகராக இருந்தால் நல்லது, இரண்டு வருடம் உட்கார்ந்து இந்த நூற்றாண்டின் முதல் 25 ஆண்டுகளைப் படித்து முடிக்க வேண்டும். பெரும்பெயரோ புதுப்பெயரோ, ஒருவருக்கு ஒரு கவிதைக்கு மேல் கிடையாது என்று முதலிலேயே விதி செய்துகொள்ளலாம். முன்னுரையில் யாரையும் வாழ்த்தாமல், ஒவ்வொரு கவிதையையும் எதற்காக எடுத்தோம் என்று இரண்டு வரி எழுதலாம். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையோ கவிதைக்குப் பரிசு வழங்கும் அறக்கட்டளைகளில் ஒன்றோ முன்வர வேண்டும். ஒரு வருடப் பரிசுத் தொகையை நிறுத்தினாலே அந்தப் பணம் கிடைத்துவிடும்.